கெண்டைக்கால் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

ரத்தக்குழாய் வார்டில் இரவு 2 மணிக்கு நடந்து போனால் ஒரு காட்சி தப்பாமல் கண்ணில் படும். கட்டிலின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு கால் மட்டும் தரையை நோக்கித் தொங்கும். படுத்தால் விரல் நுனியில் தீ வைத்தது போல எரிகிறது, தொங்கப்போட்டால் கொஞ்சம் தணிகிறது. "ரெண்டு மாசமா இப்படித்தான் சார், படுக்கவே மாட்டேங்கிறார்" என்று கூட இருக்கும் மகள் சொல்வார். குழாய் அடைபட்டுப் பாதத்தில் அழுத்தம் மிகக் குறைந்துவிட்டதால், புவியீர்ப்பு தரும் கொஞ்சநஞ்ச உதவியில்தான் அந்த விரல்களுக்கு ரத்தம் இறங்குகிறது. நாள் முழுக்கத் தொங்கவிடுவதால் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து யாராவது இறுக்கமாக கிரேப் பேண்டேஜ் சுற்றிவிடுவார்கள். மிச்சமிருந்த ரத்தமும் நின்றுபோகும்.

இந்த நிலைக்கு ஒருவர் ஒரே நாளில் வருவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளாக உள்ளே நடந்த வேலை இது. பெரிஃபெரல் ஆர்டீரியல் டிசீஸ், சுருக்கமாக பி.ஏ.டி. என்று மருத்துவர்கள் எழுதுவது, காலுக்குப் போகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிப்போவதைத்தான். இதயத்திலும் மூளையிலும் அடைப்பை உண்டாக்கும் அதே நோய் காலில் வந்திருக்கிறது. அதனால்தான் பி.ஏ.டி. உள்ளவர்கள் காலை இழப்பதைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்பது அதிகம். கால் அடைப்பு என்று தெரிந்த அன்றைக்கே இதயத்தையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாடப்புத்தகத்தில் இந்த நோயின் அடையாளம் தெளிவாக இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் அதே இடத்தில் பிடிக்கும். நேரில் வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படிச் சொல்வதில்லை. சிலருக்கு வலியே இருக்காது. பலர் தங்களை அறியாமலே நடையைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். "கால் வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பார். "ஐயா, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவீங்களா?" என்று கேட்டால், "இப்பல்லாம் பையன் வண்டியில விட்டுடுறான்" என்பார். அந்த "இப்பல்லாம்" எப்போது தொடங்கியது என்று கேட்க வேண்டும். ஆறு மாதம் முன்பு டீக்கடை வரை ஒரே மூச்சில் போனவர், இப்போது நடுவில் யாரிடமோ பேசுவது போல நின்று போகிறார் என்றால், அதுதான் அறிகுறி.

ஆகவே இந்த நோயில் வலியை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. யாருக்கு வர வாய்ப்பு அதிகமோ, அவர்களின் கால் நாடியை வலி வருவதற்கு முன்பே தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஆபத்துக் காரணிகளைச் சரியாக எடைபோடத் தெரிய வேண்டும்.

புகையிலை

முதல் இடம் இதற்குத்தான், இரண்டாம் இடத்துக்கு வெகு தூரம் முன்னால். புகைப்பவருக்குக் கால் அடைப்பு வரும் வாய்ப்பு, புகைக்காதவரைப்போல 2 முதல் 4 மடங்கு. இதயக் குழாய்களைக் கெடுப்பதைவிடக் கால் குழாய்களை புகையிலை இன்னும் கடுமையாகக் கெடுக்கிறது. நிகோட்டின் குழாயைச் சுருக்குகிறது. புகையிலுள்ள மற்ற நச்சுகள் குழாயின் மெல்லிய உட்பூச்சைச் சிதைக்கின்றன. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. நாலும் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் நடக்கிறது.

பீடி சின்னதுதானே, இலைதானே என்று பலர் நினைக்கிறார்கள். பீடிக்கு ஃபில்டர் கிடையாது. விடாமல் இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பீடிக்கும் இழுப்பு அதிகம், ஆழமும் அதிகம். "எத்தனை பிடிப்பீங்க?" என்று கேட்டால் "கொஞ்சம்தான்" என்றுதான் பதில் வரும். "ஒரு கட்டு எத்தனை நாள் வரும்?" என்று கேளுங்கள், உண்மைக் கணக்கு வெளியே வரும். சிகரெட்டுக்கு மருத்துவர்கள் போடும் கணக்கு எளிது. 20 சிகரெட்டை ஒரு பாக்கெட் என்று வைத்து, தினமும் எத்தனை பாக்கெட் என்பதை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். தினம் 10 வீதம் 30 ஆண்டுகள் பிடித்தவருக்கு 15. இந்த எண் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

விட்டவுடன் எல்லாம் சரியாகிவிடுமா? ஆபத்து குறைய ஆரம்பிக்கும், ஆனால் மெதுவாக. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஏ.ஆர்.ஐ.சி. ஆய்வில், விட்டவர்களுக்குக் கால் அடைப்பின் ஆபத்து, ஒருபோதும் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கச் சுமார் 30 ஆண்டுகள் வரை ஆனது. இதய நோய்க்கு அது சுமார் 20. இதைக் கேட்டு "அப்ப விட்டு என்ன பிரயோஜனம்?" என்று சிலர் மனம் உடைகிறார்கள். பிரயோஜனம் நிறைய உண்டு. அடைப்பு ஏற்கெனவே வந்தவர் விட்டால், பைபாஸ் போட்ட குழாய் அடையாமல் இருக்கும் வாய்ப்பும், காலைக் காப்பாற்றும் வாய்ப்பும் கூடுகின்றன. "10 வருஷம் முன்னாடியே விட்டுட்டேன்" என்பவரை ஆபத்தில்லாதவர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் அந்த 30 ஆண்டுக் கணக்கு சொல்லும் பாடம்.

இன்னொரு நோயை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். 45 வயதுக்குள், சர்க்கரையும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல், கால் விரல் கறுத்து வரும் இளைஞர்கள். ஏறக்குறைய எல்லோரும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். நியூயார்க்கில் லியோ பர்கர் 1908-இல் விரிவாக விவரித்ததால் பர்கர் நோய் என்று பெயர். கொழுப்புப் படிவதால் வரும் அடைப்பு அல்ல இது. சிறிய, நடுத்தரக் குழாய்கள் அழற்சியுற்று உறைகட்டியால் அடைபடுகின்றன, கையிலும் வரும். இந்த நோயில் பேரம் கிடையாது. ஒரு நாளைக்கு 1 அல்லது 2 பிடித்தாலும் நோய் எரிந்துகொண்டே இருக்கும். வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறினாலும் அதே கதிதான். நிகோட்டின் சூயிங்கம்மைக்கூட இவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. முழுக்க விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தப்பிவிடுகிறது. விடாதவர்களுக்கு முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்டு ஏறிக்கொண்டே போகும்.

கொழுப்பு அடைப்பு உள்ளவர்கள் விடுவதற்கு நிகோட்டின் கம் உதவும், சரியாக மென்றால். பெரும்பாலோர் பபிள்கம் போல மென்று விழுங்குகிறார்கள். நெஞ்செரிச்சலும் விக்கலும் வந்து "எனக்கு ஒத்துக்கல" என்று மூன்றாம் நாளே தூக்கிப் போடுகிறார்கள். சில தடவை மென்றதும் நாக்கில் சுருசுரு என்று ஒரு காரம் தெரியும். தெரிந்தவுடன் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், மறுபடி ஒதுக்க வேண்டும். ஒரு கம் அரைமணி நேரம் வரும். காபி, டீ குடித்து 15 நிமிடம் ஆகாமல் போட்டால் வாயில் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. டீயும் சிகரெட்டும் ஜோடியாகப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில்தான் சறுக்கல். முதல் இரண்டு வாரம் டீயை வீட்டிலேயே குடிப்பது பலருக்கு உதவியிருக்கிறது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

சர்க்கரை

சர்க்கரை நோய் செய்யும் கெடுதல் இரட்டை. குழாயை அடைக்கிறது, அடைத்ததைத் தெரியாமலும் மறைக்கிறது. பிரிட்டனில் நடந்த யூ.கே.பி.டி.எஸ். ஆய்வில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒவ்வொரு 1 சதவீதம் கூடும்போதும் கால் குழாய் நோயின் ஆபத்து 28 சதவீதம் கூடியது. 7-இல் இருப்பவருக்கும் 10-இல் இருப்பவருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மறைப்பது எப்படி? நரம்பு மரத்துப்போனால் கெண்டைக்கால் வலியும் தெரியாது, விரல் வலியும் தெரியாது. செருப்பில் குத்திய முள்ளோடு ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவில் ரத்தக் கறையைப் பார்த்தபின் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. புகைப்பவருக்கு அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் வரும், நடந்தால் வலித்துக் காட்டிக்கொடுக்கும். சர்க்கரைக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் வரும், சத்தமில்லாமல் வரும். முதல் அடையாளமே ஆறாத புண்ணாக இருக்கும்.

இதனால் நடக்கும் தவறு ஒன்றை அடிக்கடி பார்க்கிறோம். காலில் மதமதப்பு, எரிச்சல் என்று சொன்னவுடன் "நரம்பு மாத்திரை" என்று பி12 எழுதப்படுகிறது. நரம்புக் கோளாறும் உண்மையாகவே இருக்கலாம், மாத்திரையும் தேவைப்படலாம். ஆனால் அதோடு கதை முடிந்துவிடுகிறது. சாக்ஸைக் கழற்றிக் கால் நாடியைத் தொட்டுப் பார்க்க 2 நிமிடம் போதும். அந்த 2 நிமிடத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். "டாக்டர், கால் நாடி பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

சர்க்கரை வந்து 10 ஆண்டுகள் ஆனவர்கள், 65 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்கள், கண்ணிலோ சிறுநீரகத்திலோ சர்க்கரை பாதிப்பு தொடங்கியவர்கள், காலில் ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள் ஆகியோர் வலி இல்லாவிட்டாலும் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரையும் புகையும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறும். இரண்டு மட்டும் இருக்கும் 50 வயதுக்காரர், எதுவும் இல்லாத 75 வயதுக்காரரைவிட அவசரமாகப் பார்க்கப்பட வேண்டியவர்.

மற்றவை

ரத்த அழுத்தம் 130/80-க்குள் இருக்க வேண்டும். காலில் ஏற்கெனவே ரத்தம் குறைவு, பிரஷர் மாத்திரை போட்டால் இன்னும் குறைந்துவிடும் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் மூளைக்கும் இதயத்துக்கும்தான் ஆபத்து. பிரஷர் பார்ப்பதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. வீட்டில் கருவி இருந்தால் ஒருமுறையாவது இரண்டு கைகளிலும் பாருங்கள். 5 நிமிட இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை பார்த்தும் மேல் அளவில் 15-க்கு மேல் வித்தியாசம் நின்றால், உடம்பில் எங்கோ குழாய் குறுகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இனி எப்போதும் கூடுதலாகக் காட்டும் கையில்தான் பிரஷர் பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் கையிலேயே ஆண்டுக்கணக்காகப் பார்த்து "பிரஷர் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

கொழுப்பு விஷயத்தில் லேப் ரிப்போர்ட் ஏமாற்றும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 110 என்றால் லேப் அதை நட்சத்திரக் குறி இல்லாமல் அச்சிட்டுத் தரும். அது நோயில்லாதவருக்கான அளவு. கால் அடைப்பு உறுதியானவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே வர வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 55-க்குக் கீழே என்கின்றன. நம் மக்களிடம் எல்.டி.எல். மிதமாகவே இருந்து, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தும் ட்ரைகிளிசரைடு கூடியும் இருப்பது சகஜம். அதனால் "டோட்டல் கொலஸ்ட்ரால் 180தான்" என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. ஸ்டாட்டின் மாத்திரை எண்ணைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பை வெடிக்காமல் உறுதியாக்கவும் செய்கிறது. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று அதை நிறுத்துவது, குடை பிடித்ததால் நனையவில்லை என்பதை மறந்து மழையில் குடையை மடக்குவது போன்றது. மாத்திரையால் தசைவலி வந்தால் இரண்டு பக்கமும் வரும், உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். முற்றாத அடைப்பின் வலி நடந்தால் மட்டும் வரும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளுங்கள்.

வயது ஏற ஏற எல்லோருக்கும் ஆபத்து ஏறும். சிறுநீரகச் செயலிழப்பு, அதிலும் டயாலிசிஸ், குழாயைச் சுண்ணாம்புக் குழாயாக்கிவிடும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கால் அடைப்பு இருந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோர் கால் குழாய் சுத்தமாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பெண்கள் இதில் தாமதமாக வருகிறார்கள். முழங்கால் தேய்மானம், வாதம் என்று வீட்டிலேயே முடிவுகட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, புண் வந்தபின் வருகிறார்கள். ஆண்களிடம் யாரும் கேட்காத, அவர்களும் சொல்லாத ஒரு தடயம் உண்டு. இடுப்புக்குள் இருக்கும் பெரிய குழாயில் அடைப்பு என்றால் புட்டமும் தொடையும் வலிப்பதோடு ஆண்மைக் குறைவும் சேர்ந்து வரும். வெட்கப்பட்டு மறைத்தால் அடைப்பு எங்கே என்பதற்கான முக்கியமான குறிப்பே போய்விடும்.

முதுகுத்தண்டு நரம்பு அழுத்தத்தாலும் நடந்தால் கால் வலிக்கும். பிரித்தறிவது கடினமில்லை. குழாய் வலிக்கு நின்றாலே போதும், விட்டுவிடும். நரம்பு வலிக்கு உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து தள்ளிக்கொண்டு போனால் வலிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் முதுகுப் பிரச்சினை. மேடு ஏறினால் சீக்கிரம் பிடிக்கிறது என்றால் குழாய்.

காலைப் பார்ப்பது எப்படி

நல்ல வெளிச்சத்தில் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் குளிர்ந்திருக்கிறதா? புறங்கையால் தொடுங்கள், உள்ளங்கையைவிட அது வெப்ப வித்தியாசத்தை நன்றாகச் சொல்லும். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2, 3 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் பாதத்தின் மேல்பக்கம் நிற மாற்றத்தைக் காட்டாது, உள்ளங்காலையும் நகத்தின் அடியையும் பாருங்கள். காலை 45 டிகிரி தூக்கி 1, 2 நிமிடம் பிடித்தால் அடைப்புள்ள காலின் உள்ளங்கால் மெழுகுபோல வெளுக்கும். பிறகு தொங்கவிட்டால் தாமதமாகச் செங்கல் நிறத்துக்குச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து "ரத்தம் நல்லா ஓடுது" என்று சொல்லிவிடக் கூடாது.

நாடி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, பாதத்தின் மேல், கட்டைவிரலைத் தூக்கினால் கயிறுபோல எழும் தசைநாணுக்கு வெளிப்பக்கம். இன்னொன்று, உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம். இரண்டு மூன்று விரல்களின் சதைப்பகுதியை மெல்ல வையுங்கள். அழுத்தினால் நாடி நின்றுவிடும். உங்கள் பெருவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே அவருடையதாக எண்ணிவிடுவீர்கள். பாதத்தின் மேல் நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது, அதனால் அது ஒன்று இல்லை என்றவுடன் பதற வேண்டாம். கணுக்கால் நாடியும் இல்லை என்றால் ஏ.பி.ஐ. பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஏ.பி.ஐ. என்பது கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண். ஊசி கிடையாது, வலி கிடையாது. முன்னதாக 2 மணி நேரம் புகைக்கக் கூடாது. 5 முதல் 10 நிமிடம் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். பிரஷர் பட்டையைக் கட்டி, ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியைச் சாய்த்து வைத்தால் "ஷுக், ஷுக்" என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். நல்ல குழாயின் சத்தத்தில் உயிர் இருக்கும், சாட்டை சொடுக்குவது போல எழுந்து விழும். அடைபட்ட குழாயில் காற்று சீறுவது போல ஒரே சீராக இழுக்கும். சத்தம் நிற்கும் வரை காற்றேற்றி, அதற்கு மேல் 20 ஏற்றி, மெல்ல இறக்கினால் சத்தம் திரும்பும் இடம்தான் அளவு.

ஒரு கணக்கு. வலது கை 138, இடது கை 142. வலது பாதத்தின் மேல் 96, வலது கணுக்கால் 104. இரண்டு கைகளில் கூடுதலானது 142, அந்தக் காலில் கூடுதலானது 104. 104-ஐ 142-ஆல் வகுத்தால் 0.73. 1.00 முதல் 1.40 வரை சரி. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு. 0.40-க்குக் கீழே என்றால் கடுமை. இந்த 0.73 அடைப்புதான்.

எங்கே தவறுகிறது? உட்கார வைத்து எடுத்தால் கணுக்கால் அழுத்தம் பொய்யாகக் கூடும். டாப்ளரை அழுத்திப் பிடித்தால் குழாய் மூடி, பொய்யாகக் குறையும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று 1.40-க்கு மேல் வருவது. "1.5 வந்திருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்த குழாயைப் பட்டையால் நசுக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். அவர்களுக்குக் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி அளக்க வேண்டும். அந்த விகிதம் 0.70-ம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு. ஏ.பி.ஐ. சரியாக இருந்தும் நடந்தால் வலிக்கிறது என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு 50 முறை குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லி உடனே மறுபடி எடுக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அடைப்பு ஒளிந்திருக்கிறது. கலர் டாப்ளர் ஸ்கேனும் ஆஞ்சியோவும் இதற்குப் பின்னால் வருபவை.

நடப்பதும் நடக்கக் கூடாததும்

புண்ணும், நடக்காமல் இருக்கும்போதே வரும் ஓய்வு வலியும் இல்லாதவருக்கு நடைதான் முதல் மருந்து. வாரம் குறைந்தது 3 நாள். தொடக்கத்தில் 30 நிமிடம், மெல்ல மெல்ல 50 வரை. வலி தொடங்கியதும் நிற்காமல், நடுத்தரமாகக் கடுக்கும் வரை போக வேண்டும். பிறகு நின்று, வலி முழுக்க விட்டபின் மறுபடி நடக்க வேண்டும். நிற்கும் நேரமும் அந்த 30 நிமிடத்துக்குள் சேர்த்திதான். வலியோடு நடந்தால் குழாய் வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. பலன் தெரிய 12 வாரம் ஆகும். நாலாவது வாரம் மனம் சோர்ந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் நின்றுவிட்டு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கோயிலிலும்கூட. சித்திரை வெயிலில் பிரகாரத்துக் கருங்கல் கொப்பளம் போடவைக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். சர்க்கரையும் அடைப்பும் உள்ளவர் அதை வெறுங்காலில் சுற்றுவதை நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறோம். நேர்த்திக்கடன் என்றால் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்போடு போகலாம். கோயிலுக்குள் விடியற்காலையில் சாக்ஸோடு போகலாம். மரத்த பாதத்துக்கு எந்தச் செருப்பு தேவை என்பதில் உலகுக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்ட். அந்தச் செருப்பு வகை நம்மூரிலேயே கிடைக்கும்.

குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி எருக்க இலை வைத்து மிதிப்பது, உப்பு வெந்நீரில் காலை ஊறவைப்பது, தவிட்டு ஒத்தடம் எல்லாம் ரத்தம் ஓடும் காலுக்கு இதமாக இருக்கலாம். ரத்தம் ஓடாத காலில் சின்னச் சூட்டுக் கொப்பளம்கூட ஆறாது. சூட்டுக்குத் தோல் கூடுதல் ரத்தம் கேட்கும், கொடுக்கக் குழாய் இல்லை. கால் ஆணிக்கு மருந்துக்கடையில் தரும் பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். பிளேடு வேண்டவே வேண்டாம். வெரிகோஸ் என்று சொல்லி இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தால், போடுவதற்கு முன் ஏ.பி.ஐ. பார்த்தார்களா என்று கேளுங்கள்.

திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, விரலை அசைக்க முடியாமல் போனால் உறைகட்டி வந்து அடைத்திருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இது எந்த நேரமும் வரலாம். கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம். தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தடித்த துணியால் தளர்வாகச் சுற்றி, காலை உயர்த்தாமல், ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வழியில் ஸ்கேன் சென்டரில் இறங்கி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

சாதாரணமாக மருத்துவரிடம் போகும்போது ஒரு துண்டுத்தாளில் சிலவற்றை எழுதிக்கொண்டு போங்கள். சர்க்கரை எத்தனை ஆண்டு, புகையிலை எந்த வடிவில் எத்தனை ஆண்டு, எந்தக் கையில் பிரஷர் கூடுதல், கடைசி எல்.டி.எல்., கடைசி எச்பிஏ1சி, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின். கடைசியாக, வீட்டு வாசலில் இருந்து எத்தனையாவது மின்கம்பத்தில் கால் பிடிக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். மீட்டர் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை, கம்பக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே வாசலில் இருந்து, அதே திசையில், மறுபடி எண்ணுங்கள்.